“ஸ்பிட்பயர்” விமானம் தந்த மிட்செல்

1940-ம் ஆண்டு. ஜெர்மன் விமானங்கள் இங்கிலாந்தின் மீது குண்டுமாரி பொழிந்தன. அவற்றை எதிர்த்து விரட்டிய விமானங்களில் ஒன்று, “ஸ்பிட்பயர்”. அதை உருவாக்கியவர் ரெஜினால்டு மிட்செல். அந்தப் போரைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை!

ரெயில் பட்டறையில்

மிட்செல் 1895-ம் ஆண்டு மே 20-ந் தேதி பிறந்தார். 16-வது வயதில், ரெயில் என்ஜின் தொழிற்சாலையில் வேலை பழகச் சேர்ந்தார். பகலில் பட்டறை; இரவில் படிப்பு.

பிறகு சவுதாம்ப்டன் நகரில் இருந்த “சூப்பர்மரின்” விமானக் கம்பெனியில் சேர்ந்தார். 25-வது வயதில் தலைமை என்ஜினீயர் ஆனார். 1931-ல் அவர் அமைத்த பந்தய விமானம் மணிக்கு 407 மைல் வேகத்தில் பறந்தது. உலகில் 400 மைல் வேகத்தைத் தாண்டிய முதல் விமானம் அதுதான்.

தோல்வி

அடுத்து, ஒரு சண்டை விமானம் செய்தார். 1934-ல் அது பறந்தது. எதிர்பார்த்த வேகம் வரவில்லை. என்ஜின் சூடேறித் தொல்லை கொடுத்தது. விமானப்படை அதை ஏற்கவில்லை.

இறக்கையைக் குறைத்தார். சக்கரங்கள் மடங்கும்படி திருத்தி வரைந்தார். அதுவும் போதவில்லை. பழையதை ஒட்டுப்போட்டுப் பயன் இல்லை என்று கண்டார். மெல்லிய இறக்கை, “மெர்லின்” என்ற புதிய என்ஜின் ஆகியவற்றோடு புது விமானம் வரைந்தார்.

அப்போது அவர் புற்றுநோய்க்காரர். 1933-ல் பெரிய ஆபரேஷன் நடந்திருந்தது. வலியோடு உழைத்தார். 1936-ம் ஆண்டு மார்ச் 5-ந் தேதி “ஸ்பிட்பயர்” வானில் எழுந்தது. அடுத்த ஆண்டு ஜூன் 11-ந் தேதி மிட்செல் இறந்தார். வயது 42.

புதிதா, பழையதா?

அவர் இடத்துக்கு ஜோசப் சுமித் வந்தார். 1941-ல் ஜெர்மனி, “ஸ்பிட்பயரை” மிஞ்சும் விமானத்தைக் கொண்டு வந்தது. வேறு விமானம் செய்ய ஆண்டுகள் ஆகும். தொழிற்சாலையையே மாற்ற வேண்டும். எதிரி காத்திருப்பானா?

இருந்த விமானத்திலேயே அதிக சக்தியுள்ள “மெர்லின்” என்ஜினைப் பொருத்தினார்கள். 1942-ல் அது போருக்கு வந்தது. எதிரிக்குச் சமமாக நின்றது!

பிறகும் திருத்தங்கள் தொடர்ந்தன. சுமார் 1,000 குதிரைச் சக்தியாக இருந்த என்ஜின், 2,000-ஐத் தாண்டியது. வேகம் 360 மைலில் இருந்து 440 மைலுக்கு மேல் உயர்ந்தது. 1948 வரை 20 ஆயிரத்துக்கும் அதிகமான விமானங்கள் தயாராயின.

மிட்செல் துணிந்து பழையதைக் கைவிட்டார். அவர் போட்ட புது அஸ்திவாரம் உறுதியாக இருந்தது. அதனால்தான், அவர் மறைந்த பிறகும் அதன் மேல் மாடி மாடியாகக் கட்ட முடிந்தது.