கடல்வழி வகுத்த மோரி

நிலத்திற் செல்வோர்க்கு வழியுண்டு. வழிகாட்டும் மரமும் மலையும் உண்டு. கடலிற் செல்வோர்க்கோ எத்திசை நோக்கினும் நீரே தோன்றும். நீராவிக் கப்பல்கள் பெருகுதற்கு முன்னர்க் கலம் செலுத்தியோர் காற்றையே நம்பி இருந்தனர். எக்கடலில், எத்திங்களில், எக்காற்று வீசும் என்பதை ஒவ்வொரு மீகாமனும் தன் பட்டறிவால் அறிந்திருந்தான். அவன் மறைந்தால் அவ்வறிவும் அவனோடு மறைந்தது. இங்ஙனம் சிதறிக் கிடந்த அறிவினை ஒன்று திரட்டி, உலகிற்குப் பொதுவாக்கியவர் மாத்தியூ பான்டேன் மோரி என்னும் அமெரிக்க அறிஞர் ஆவார்.

பிறப்பும் இளமையும்

மோரி 1806-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14-ஆம் நாள் வர்சீனியா மாநிலத்திற் பிறந்தார். அவர்தம் பெற்றோர் உழவுத்தொழில் செய்தவர். செல்வம் மிக்கவர் அல்லர். மூத்த தமையனார் கடற்படையிற் பணிபுரிந்து, மஞ்சட் காய்ச்சலால் இறந்தார். ஒரு மகனைக் கடற்பணியில் இழந்த தந்தை, இன்னொரு மகனை அதற்கு அனுப்ப உடன்படவில்லை. ஆயினும் மோரியின் உள்ளம் கடலையே நாடியது. தம் 19-ஆம் வயதில், 1825-இல், கடற்படையிற் சேர்ந்தார். பின்னர் வின்சென்னசு என்னும் கப்பலில் உலகைச் சுற்றி வந்தார்.

1831-இல் தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள ஆர்ன் முனையைச் சுற்றிச் செல்லும் கப்பலில் அவர் பணி ஏற்றார். புயலுக்குப் பெயர்பெற்றது அம்முனை. அங்குள்ள காற்றையும் நீரோட்டத்தையும் பற்றி அறிய விரும்பி, நூல் தேடினார். பயன்படும் நூல் ஒன்றும் கிடைக்கவில்லை. அக்குறையைத் தாமே நீக்க வேண்டும் என்னும் எண்ணம் அன்றே அவருள்ளத்தில் முளைவிட்டது.

துன்பத்தில் விளைந்த நன்மை

1839-இல் மோரி சென்ற குதிரை வண்டி கவிழ்ந்தது. கால் எலும்பு முறிந்து, நடை தளர்ந்தது. இனிக் கப்பலேறிப் பணிபுரிதல் அரிதாயிற்று. 1842-இல் வாசிங்டன் நகரில், கடற்படையின் வரைபடங்களையும் கருவிகளையும் காக்கும் நிலையத்திற்கு அவர் தலைவராக அமர்த்தப்பட்டார்.

அந்நிலையத்திற் பழைய கப்பல் நாட்குறிப்பேடுகள் குவிந்து கிடந்தன. பயணம் முடிந்தபின் அவற்றை எவரும் எடுத்துப் பார்த்திலர். பிறர் குப்பையெனக் கருதிய அவ்வேடுகளை மோரி புதையலெனக் கண்டார். கடற்பரப்பை ஐந்து பாகை அளவுள்ள கட்டங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்திலும், ஒவ்வொரு திங்களிலும், எத்திசைக் காற்று எத்தனை முறை வீசிற்று என்று எண்ணி எழுதச் செய்தார். ஒரு மீகாமன் குறித்தது ஒருநாட் செய்தி. ஆயிரவர் குறித்தவற்றை அடுக்கிப் பார்த்தபோதோ காற்றின் இயல்பே வெளிப்பட்டது. 1847-இல் வட அட்லாண்டிக்குப் பெருங்கடலின் காற்று, நீரோட்ட வரைபடம் வெளிவந்தது.

தெற்கு நோக்கிச் செல்லும் கப்பல்கள், பிரேசில் நாட்டின் சான் ரோக்கு முனையருகே நீரோட்டம் கலத்தை இழுத்துவிடும் என அஞ்சி, கிழக்கே நெடுந்தொலைவு வளைந்து சென்றன. அவ்வச்சம் வேண்டாதது என்று மோரி கண்டார். 1848-இல் பால்டிமோர்த் துறைமுகத்தினின்று புறப்பட்ட கப்பல் ஒன்று, அவர் காட்டிய வழியே சென்று, 38 நாளில் இரியோ நகரை அடைந்தது. அதற்குமுன் அப்பயணத்திற்கு 55 நாள் வேண்டியிருந்தது. ஐயுற்ற மீகாமர்களும் அதன்பின் அவர் வரைபடத்தை விரும்பிக் கேட்டனர். பயணக் குறிப்புகளை முறையாக எழுதி அனுப்புவோர்க்கு வரைபடம் விலையின்றிக் கொடுத்தார் மோரி. இவ்வாறு, கப்பல் ஒவ்வொன்றும் கடலில் மிதக்கும் ஆய்வுக்கூடமாயிற்று.

உலகோர் கூடிய அவை

காற்றுக்கு நாட்டெல்லை இல்லை. ஒரு நாட்டார் மட்டும் குறிப்பெழுதினால் உலகக் கடலை அறிய இயலாது. பல நாட்டாரும் தத்தமக்கு வேண்டிய முறையில் எழுதினாலோ, அக்குறிப்புகளை ஒப்பிட இயலாது. இதனை உணர்ந்த மோரி, நாடுகளை ஒன்றுகூட்டப் பெரிதும் முயன்றார். 1853-இல் பெல்சிய நாட்டுப் பிரசல்சு நகரில் பத்து நாடுகளின் பேராளர் கூடினர். அந்நாட்டு அறிஞர் கெத்தலே தலைமை தாங்கினார். காற்றின் திசை, காற்றழுத்தம், காற்றின் வெப்பம், கடல்நீரின் வெப்பம், முகில் முதலியவற்றை எல்லாக் கப்பல்களிலும் ஒரே படிவத்தில் எழுத வேண்டுமென முடிவாயிற்று. போர் மூண்டு கப்பல் பகைவர் கைப்பட்டாலும், அக்குறிப்பேட்டைப் புனிதமாகப் போற்ற வேண்டும் என்பதும் அவ்வவையின் கருத்து.

1855-இல் மோரி கடலின் இயற்கைப் புவியியல் பற்றிய நூலை வெளியிட்டார். அதிற் கூறிய கொள்கைகள் சில பிற்காலத்திற் பிழையென விலக்கப்பட்டன. அவர் தொகுத்த குறிப்புகளோ நிலைத்தன.

வாழ்வின் பிற்பகுதி

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் எழுந்தது. மோரி தம் பதவியைத் துறந்து, அடிமைமுறையைக் காக்கப் பிரிந்த தென்மாநிலங்களின் பக்கம் சேர்ந்தார். கப்பல்களுக்கு நல்வழி காட்டிய அவரே, கப்பல்களைத் தகர்க்கும் நீர்க்கண்ணிவெடிகளை அமைத்தார். அறிவிற் சிறந்தோரும் அறத்தில் தவறுதல் உண்டு. அதனை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. போரில் தென்மாநிலங்கள் தோற்றன. மோரியும் அயல்நாடுகளில் வாழ நேர்ந்தது. 1868-இல் தாயகம் திரும்பி, வர்சீனியாவில் பேராசிரியராய் அமர்ந்தார். உழவர்க்கும் வானிலைச் செய்தி கிட்ட வேண்டுமென வற்புறுத்தினார். 1873-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் உயிர் துறந்தார். அவ்வாண்டிலேயே வியன்னா நகரில் முதல் அனைத்துலக வானிலைப் பேரவை கூடிற்று.

அழியாப் பயன்

மோரி திரட்டிய ஏடுகள் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கணிப்பொறியில் ஏற்றப்பட்டன. அவற்றிலிருந்த பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட குறிப்புகள், உலகக் கடற்குறிப்புத் தொகுப்பிற் சேர்ந்தன. இன்று அறிஞர், கப்பலிலும் கரையிலும் பண்டு குறித்த காற்றழுத்த அளவுகளைக் கணிப்பொறிக்கு அளித்து, காற்று மண்டலத்தின் இயற்கை விதிகளோடு பொருத்திப் பார்க்கின்றனர். அதனால், குறிப்பெழுதாத இடங்களிலும் பண்டைநாள் வானிலை எவ்வாறு இருந்திருக்கும் என்று ஒருவாறு கணிக்கின்றனர். இதனை மறுபகுப்பாய்வு என்பர். அவ்வாறு 1836-ஆம் ஆண்டுவரை பின்சென்று நாள்தோறும் வானிலையை மீட்டுரைக்கும் தொகுப்பும் உண்டு. பழைய குறிப்பு மிகுந்த இடத்தில் இக்கணிப்பு உறுதிபெறும். அருகிய இடத்தில் ஐயம் மிகும். உலகின் வெப்பம் எவ்வளவு உயர்ந்தது, புயலும் வறட்சியும் எங்ஙனம் மாறின என்னும் வினாக்களுக்கு இத்தகைய பழங்குறிப்புகளே சான்றாகின்றன.

நள்ளிரவில், அலைமோதும் தளத்தில், மங்கிய விளக்கொளியில் வெப்பமானியைப் பார்த்து ஓர் எண்ணை எழுதிய மாலுமி, அது நூற்றைம்பது ஆண்டு கடந்து பயன்படும் என்று எண்ணியிரான். தன் கடமையென்று கருதி உண்மையாக எழுதினான். அவன் பார்க்காமலே ஓர் எண்ணைப் புனைந்து எழுதியிருப்பின், இன்று அதனைத் திருத்துவார் யார்? சிறு செயலாயினும் அதனைப் பொய்யின்றிச் செய்தலும், செய்ததைப் பொதுநலத்திற்கு அளித்தலும் மாந்தர் கடன் என்பதை இவ்வேடுகள் நமக்கு உணர்த்துகின்றன.