ஈழகேசரி பொன்னையா

இதழ் நடத்துவோர் இன்று அரசாங்கத்தின் பொருளுதவியை எதிர்நோக்குவர். அதிற் குறை காணோம். அத்தகைய உதவியை நம்பியிராது, தம் கைப்பொருளையும் வணிகத் திறனையும் கொண்டே இதழ் வளர்த்தவர் குரும்பசிட்டி நா. பொன்னையா அவர்கள்.

பர்மாவிலே சில காலம் தொழில் புரிந்து மீண்டவர், சுன்னாகத்திலே புத்தகசாலையும் திருமகள் அழுத்தகமும் நிறுவினார். பாடநூல் வணிகம் ஒருபுறம் நடக்க, 1930 இல் ‘ஈழகேசரி’யைத் தொடங்கினார். இலங்கையர்கோன், வைத்தியலிங்கம், சம்பந்தன் ஆகியோர்தம் சிறுகதைகள் அதிலே வெளிவந்தன.

எம்போன்ற பண்டிதர்க்கு வியப்பளிப்பது வேறொன்று. கணேசையரின் உரைக்குறிப்புடன் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை 1937 இல் பதிப்பித்தார். அடுத்த ஆண்டிலே சொல்லதிகாரம். இத்தகு நூலை வாங்குவோர் சிலரே என்பதை வணிகரான அவர் அறியாதவரல்லர். ஆயினும் பொருளதிகாரத்தையும் அவர் விட்டாரல்லர்.

1951 இல் அவர் மறைந்தார். ‘ஈழகேசரி’ 1958 வரை வெளிவந்தது.