கால்பந்து கற்பித்த ஆசிரியர் ரஹீம்

ஆட்டம் முடிந்த மறுநாள் பத்திரிகையைப் பிரித்தால் கோல் போட்டவரின் பெயரைக் காண்கிறோம். கோலைக் காத்தவரின் பெயரையும் காண்கிறோம். அவ்விருவருக்கும் ஆடக் கற்பித்தவர் யார் என்று தேடுவோர் நம்மில் மிகச் சிலரே. கோயிலின் கோபுரத்தைக் கண்டு வியக்கும் கண்கள் அதனைத் தாங்கும் அடித்தளத்தைக் காண்பதில்லை. பாரத நாட்டுக் கால்பந்தாட்டத்திற்கு அவ்விதம் அடித்தளமாக அமைந்த ஒருவர் நாம் வாழும் இந்த ஹைதராபாத் நகரிலேயே பிறந்து, இந்நகரிலேயே பள்ளி ஆசிரியராய் ஊதியம் பெற்று வாழ்ந்து, 53 வயதில் மறைந்தார். அவர்தாம் சையத் அப்துல் ரஹீம். ரஹீம் சாகிப் என்று இந்நகரம் அன்புடன் அழைத்த அப்பெரியாரின் வரலாற்றை நம் ஆண்டு விழா மலரில் நினைவு கூர்வது நமக்குப் பொருத்தமுடையதாகும். அவரால் உருவானோரில் நம்மவர் வீட்டுப் பிள்ளையும் உண்டு என்பதைக் கீழே காண்போம்.

ரஹீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றார். அங்கே கால்பந்தாட்டத்திலும் பெயர் பெற்றார். பின்னர் காச்சிகூடா, சாதர்காட் முதலிய இடங்களிலிருந்த பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். உடற்பயிற்சிக் கல்வியிலும் தேர்ச்சி பெற்றுப் பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றார். பிற்காலத்தில் அவர் பெற்ற வெற்றிகளுக்கெல்லாம் வித்து இங்கேதான் இருக்கிறது. அவர் முதலில் ஆசிரியர், பிறகே பயிற்சியாளர். மாணவனின் குறையை அறிந்து, அந்தக் குறைக்கு ஏற்ற பாடத்தை வகுத்து, அதனை அவன் தானே செய்து பழகும்படி விடுவது நல்லாசிரியரின் வழி. அந்த வழியையே அவர் பள்ளிக்கூடத்திலிருந்து மைதானத்திற்குக் கொண்டு சென்றார்.

அக்காலத்தில் நம் ஆட்டக்காரர்கள் பந்தைக் காலிலே வைத்துக்கொண்டு ஒருவர், இருவர், மூவர் என்று எதிரிகளை ஏய்த்துச் செல்வதையே திறமை என எண்ணினர். மக்களும் அதற்கே கைதட்டினர். ரஹீம் என்ன செய்தார்? பந்தைத் தம் காலில் நிறுத்தி ஏய்த்து ஓடக் கூடாது, வந்த பந்தை உடனே தம் அணியினருக்குத் தள்ளிவிட வேண்டும் என்னும் விதியை ஏற்படுத்தி, அதற்கெனத் தனிப் போட்டிகளை நடத்தினார். வலக்கால் பழக்கமுடையோர் இடக்காலாலேயே உதைக்க வேண்டும் என்று வேறொரு வகைப் போட்டியையும் அமைத்தார். கேட்பதற்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அதன் பயனை எண்ணிப் பார்க்க வேண்டும். பந்து ஒருவர் காலில் தங்கும் நேரம் குறையுமானால், எதிரி நெருங்கிவரும் அவகாசமும் குறைகிறது. இரு கால்களும் பழகிவிடுமானால், எந்தப் பக்கம் மறிப்பது என்று எதிரி அறியமாட்டான். உடல் வலுவில் ஐரோப்பியருக்குக் குறைந்த நம் இளைஞர்கள் விரைவாலும் ஒற்றுமையாலும் அவர்களுக்கு ஈடு கொடுக்கலாம் என்பதே அந்தப் பாடத்தின் உட்பொருள்.

ஹைதராபாத் நகரப் போலீஸ் அணிக்கு அவர் நெடுங்காலம் பயிற்சி அளித்தார். பம்பாயில் நடைபெற்று வந்த ரோவர்ஸ் கோப்பையை அந்த அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக வென்றது. 1950-இல் டூரண்ட் கோப்பையும் அவர்கள் கைக்கு வந்தது. மாநிலங்களுக்கிடையே நடைபெறும் சந்தோஷ் கோப்பைப் பந்தயத்தில் ஹைதராபாத் அணி அடுத்தடுத்து இருமுறை வாகை சூடியதும் அவருடைய காலத்திலேயே. கால்பந்து என்றால் கல்கத்தாதான் என்று இருந்த நிலை அவரால் மாறிற்று. கல்கத்தாவின் பெரிய கிளப்புகளே ஆட்டக்காரரைத் தேடி நம் நகருக்கு ஆளனுப்பும் காலம் பிறந்தது.

நாம் பெருமையுடன் குறிக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே வருகிறது. சிக்கந்தராபாத் கண்டோன்மெண்டை அடுத்த அம்முகூடாவில் எளிய தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த சிறுவன் துளசிதாஸ் பலராம். பந்தாட வேண்டும் என்ற ஆசை உண்டு. அதற்கேற்ற பூட்சு வாங்க வசதியில்லை. அவ்விளைஞனின் ஆட்டத்தைக் கண்ட ரஹீம், மாநில அணியின் தேர்வுக்கு வரும்படி அழைத்தார். சிக்கந்தராபாத்திலிருந்து ஹைதராபாத் வரை நாள்தோறும் வந்துபோகக் கையில் காசில்லை என்று பலராம் தயங்கியபோது, வாடகைச் சைக்கிளுக்கு வேண்டிய பணத்தைத் தாமே கொடுத்து வரவழைத்தார். அந்தப் பலராம் 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கிற்கும், 1960-இல் ரோமாபுரி ஒலிம்பிக்கிற்கும் சென்றார். நாட்டின் தலைசிறந்த முன்னணி ஆட்டக்காரருள் ஒருவராக விளங்கி, 2023-இல் காலமானார். அன்று அந்தச் சைக்கிள் வாடகை கிடைக்காதிருந்தால் அவருடைய ஆட்டம் அம்முகூடாத் திடலோடு நின்றிருக்கவும் கூடும்.

இந்திய அணியின் பயிற்சிப் பொறுப்பு 1950-இல் ரஹீமிடம் வந்தது. மறு ஆண்டு மார்ச்சு மாதம் டில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டு விழா நடந்தது. சைலேன் மன்னாவின் தலைமையில் ஆடிய நம் அணி, இறுதி ஆட்டத்தில் ஈரானை ஒரு கோலால் வென்று தங்கம் பெற்றது. அந்தக் கோலை அடித்தவர் மேவாலால்.

ஆயினும் வெற்றிக்குப் பின்னே தோல்வியும் வந்தது. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம்மை 10-க்கு 1 என்ற கணக்கில் தோற்கடித்தது. குளிர் மிகுந்த அந்நாட்டில் நம்மவர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். வெறுங்காலே நமக்கு அழகு, அதுவே நம் மரபு என்று பெருமை பேசிய நாட்டிற்கு அது கசப்பான மருந்தாயிற்று. அதன்பின் பூட்சு அணிந்தே ஆட வேண்டும் என்பது கட்டாயமாக்கப்பட்டது. ரஹீம் அந்தத் தோல்வியைப் பாடப் புத்தகமாக ஏற்றார். ஐரோப்பாவின் சிறந்த அணிகள் ஆடிய முறையைக் கூர்ந்து கற்றார். நடு முன்னணி வீரர் எதிரியின் கோலருகே காத்து நில்லாமல் சற்றுப் பின்வாங்கி நின்று பந்தைப் பங்கிடும் முறை, பின்னணியில் நால்வரும் நடுவில் இருவரும் முன்னணியில் நால்வருமாக நிற்கும் முறை ஆகியவற்றை நம் ஆட்டக்காரருக்குப் படிப்படியாகப் பழக்கினார்.

அதன் பயன் மெல்போர்னில் தெரிந்தது. 1956-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே நம் அணி 4-க்கு 2 என்று வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் ஆசியர் அவரே. கிட்டு என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணசாமி நான்காவது கோலைச் சேர்த்தார். ஆசிய நாடொன்று ஒலிம்பிக் கால்பந்தின் அரை இறுதிக்குச் சென்றது அதுவே முதல் முறை. அரை இறுதியில் எதிர்ப்பட்டதும் அதே யூகோஸ்லாவியாதான். நம்மவரே முதல் கோலையும் போட்டனர். முடிவில் 4-க்கு 1 என்று தோற்றோம். மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்திலும் பல்கேரியாவிடம் தோற்று நான்காம் இடம் பெற்றோம். பதக்கம் கிட்டவில்லை. ஆனால் பத்துக் கோல் வாங்கிய அணி, நான்கே ஆண்டுகளில் அதே எதிரியை முந்திக்கொண்டு கோல் போடும் நிலைக்கு உயர்ந்ததை எண்ணினால், ஆசிரியரின் உழைப்பு எத்தகையது என்பது விளங்கும்.

1960-இல் ரோமாபுரியில் ஹங்கேரியிடம் ஒரே கோல் வித்தியாசத்தில் தோற்றோம். பிரான்சுடன் சமநிலை கண்டோம். அந்த அணியில் ரஹீமின் புதல்வர் ஹக்கீமும் இடம்பெற்றிருந்தார். ஆயினும் ஓர் ஆட்டத்திலும் மைதானத்தில் இறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. தந்தையின் கையில் பொறுப்பு இருந்தும் மகன் வெளியே அமர்ந்திருந்தார். இதற்கு மேல் அவருடைய நடுநிலைமைக்குச் சான்று வேண்டுமோ?

இனி நாம் சொல்ல வேண்டியது 1962-ஆம் ஆண்டின் கதை. ஜாகர்த்தாவில் ஆசிய விளையாட்டு விழா. ரஹீமின் உடலை அப்போதே நோய் அரித்துக்கொண்டிருந்தது. சிகரெட்டுப் பழக்கம் அவரை விட்டதில்லை; அதற்குரிய விலையை அவர் நுரையீரல் கொடுத்தது. அந்த உடலுடன்தான் அவர் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்றார்.

முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-க்கு 0 என்று தோல்வி. அடுத்துத் தாய்லாந்தை வென்றோம். ஆனால் பின்னணியின் தூணாகிய ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம்பட்டுத் தையல் போட நேர்ந்தது. ஜப்பானை வென்று அரை இறுதி சென்றோம். அங்கே ரஹீம் எவரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். தலைக்காயத்துடன் பின்னணியில் நின்று பந்துகளைத் தடுப்பது ஜர்னைலுக்கு ஆபத்து. ஆனால் அவரை வெளியே நிறுத்தவும் மனமில்லை. ஆகவே அவரை முன்னணிக்கு மாற்றினார். தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோலும், தலைவர் சுனி கோஸ்வாமி இரண்டு கோல்களும் போட, 3-க்கு 2 என்று வென்றோம்.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4-ஆம் நாள்; எதிரி மீண்டும் தென் கொரியா. அவ்விழாவிற்கு இஸ்ரேலையும் தைவானையும் அனுமதியாமை குறித்து இந்தியப் பிரதிநிதி ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்திருந்ததால், அந்நகர மக்கள் நம்மீது கடுஞ்சினம் கொண்டிருந்தனர். இந்தியத் தூதரகமே தாக்கப்பட்டது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கூடிய அந்த அரங்கில் நம் அணிக்கு எதிராக எழுந்த கூச்சல் காதைத் துளைத்தது. ஆட்டத்திற்கு முந்திய இரவு ரஹீம் தம் ஆட்டக்காரரை அழைத்துத் தமக்கு ஒரே ஒரு பரிசு வேண்டும் என்று கேட்டுக்கொண்டார் என்பர். அப்பரிசு நாளைய தங்கம். அவர்களும் அதன் பொருளை உணர்ந்தார்கள்.

உடல் நலமின்றி அரை இறுதியில் ஆடாதிருந்த பீட்டர் தங்கராஜையே அன்று அவர் கோலில் நிறுத்தினார். நம் நகரில் பிறந்து, பட்டாளத்தில் சேர்ந்து, வெல்லிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்டில் கோல்காப்பாளராக உருவானவர் தங்கராஜ். ஆறடிக்கு மேல் உயர்ந்த அவர், கொரியர் உயரத் தூக்கியடிக்கும் பந்துகளைப் பறித்துவிடுவார் என்பது ஆசிரியரின் கணக்கு. கணக்குத் தவறவில்லை. 17-ஆம் நிமிஷத்தில் பி.கே. பானர்ஜி ஒரு கோல். 20-ஆம் நிமிஷத்தில் தையல் போட்ட தலையுடன் ஜர்னைல் சிங் மற்றொரு கோல். ஆட்டம் முடியும் தறுவாயில் கொரியர் ஒரு கோலைத் திருப்பினர். அதற்குமேல் தங்கராஜ் விடவில்லை. கேட்ட பரிசு கிடைத்துவிட்டது.

அதன்பின் ஓராண்டும் நிறையவில்லை. 1963-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் ரஹீம் புற்றுநோயால் காலமானார். சிறந்த பயிற்சியாளருக்கான துரோணாசாரியர் விருதை அரசாங்கம் 1985-இல் ஏற்படுத்தியபோது அவர் மறைந்து 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2024-இல் அவருடைய வாழ்க்கையை ஒட்டி ஓர் இந்தித் திரைப்படம் வெளிவந்த பின்னரே நம் பிள்ளைகள் பலர் அவர் பெயரைக் கேள்வியுற்றனர். ஜாகர்த்தாவுக்குப் பின் ஆசிய விளையாட்டில் நம் கால்பந்தணி தங்கம் பெற்றதில்லை; 1970-இல் பாங்காக்கில் பெற்ற வெண்கலமே கடைசிப் பதக்கம்.

இதற்குக் காரணம் பல சொல்லலாம். நமக்குப் படுவது ஒன்றுதான். ஆட்டக்காரருக்கு மாலை சூட்டும் நாம் ஆசிரியரை மறந்துவிடுகிறோம். திறமையுள்ள பிள்ளைகள் இன்றும் இல்லாமற் போகவில்லை. மாலைதோறும் நம் காலனி வீதிகளில் பந்துதைக்கும் சிறுவரிடையே ஒரு பலராம் இருக்கக்கூடும். அவனைக் கண்டுகொள்ளும் கண்ணும், சைக்கிள் வாடகையை எடுத்துக் கொடுக்கும் கையுமே அரியவை. கண்ணாடி ஜன்னல் உடைந்ததென்று அச்சிறுவனை அதட்டுமுன், ரஹீம் சாகிபை ஒரு கணம் நினைப்போமாக. அவர் பிறந்த ஊரில் வாழும் நாம் அவருக்குச் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.