எஞ்சியவர் சுமந்த கடன்: ஊமைத்துரையின் வாழ்வு

தூத்துக்குடிக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்த தருவைகுளத்திலிருந்து மேற்கு நோக்கிச் சென்றால், ஒட்டப்பிடாரத்தை அடுத்துப் பாஞ்சாலங்குறிச்சி என்னும் வரலாற்றுப் புகழ்மிக்க ஊரை அடையலாம். 1974-ஆம் ஆண்டு தமிழக அரசு அங்கு எழுப்பிய நினைவுக்கோட்டையைக் காண வருவோர் வீரபாண்டியக் கட்டபொம்மனின் வீரத்தைப் போற்றித் திரும்புகின்றனர். அவருக்குப் பின் இரண்டாண்டுகள் உயிர்வாழ்ந்த தம்பி ஊமைத்துரையின் வாழ்வும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. போரில் மாண்டவரின் புகழை மட்டுமே பாடிப் பழகிய நமக்கு, போரில் பிழைத்தவரின் சுமையை அவ்வாழ்வு எடுத்துக்காட்டுகிறது.

இவரது இயற்பெயர் குமாரசுவாமி என்பர். பேச்சுத்திறன் குன்றியவராதலின் ஊமைத்துரை என்று அழைக்கப்பெற்றார். இவரை எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலத் தளபதி ஜேம்ஸ் வெல்ஷ், 1830-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில், மெலிந்த உடலினரான இவருடைய சிறு சைகைக்கும் ஆயிரக்கணக்கானோர் கட்டுப்பட்டனர் என்று வியந்து எழுதியுள்ளார்.

1799 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வீழ்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். தம்பியர் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டனர். தமையன் மாள, தாம் உயிரோடிருக்கும் நிலையில் ஓராண்டுக்கும் மேலாக அச்சிறைச் சுவர்களுக்குள் ஊமைத்துரை எதனை எண்ணினார் என்பதற்குச் சான்று இல்லை. பேச இயலாதவரின் உள்ளத்தை அவர்தம் செயல்களிலிருந்தே நாம் உணர வேண்டும்.

1801 பிப்ரவரி 2-ஆம் நாள், மாறுவேடத்தில் வந்த ஆதரவாளர்கள் அவரைச் சிறைமீட்டனர். தப்பியவர் தொலைதூரம் சென்று மறைந்து வாழ்ந்திருக்கலாம். அவரோ, பகைவர் இடித்துத் தரைமட்டமாக்கிய தம் ஊருக்கே திரும்பினார். ஒரு வாரத்துக்குள் அங்கு மண்கோட்டை மீண்டும் எழுந்தது. தூத்துக்குடியும் அவர் படைகளின் வசமாயிற்று. அங்குச் சிறைப்பட்ட ஆங்கில அதிகாரி ஒருவரை, அவருடைய மனைவி வந்து மன்றாடியபோது, ஊமைத்துரை விடுவித்தார் என்று கால்டுவெல் எழுதியுள்ளார். தூக்குமரத்தில் தமையனை இழந்தவர் காட்டிய இக்கருணை எண்ணிப் பார்க்கத்தக்கது.

மார்ச்சு 31-இல் நடந்த தாக்குதலைக் கோட்டை தாங்கி நின்றது. ஆயின் மே 24-ஆம் நாள் அது வீழ்ந்தது. படுகாயமுற்ற ஊமைத்துரை பிணங்களுக்கிடையே கிடந்தார். தன் மகனைத் தேடிக் களத்துக்கு வந்த தாயொருத்தி, குற்றுயிராய்க் கிடந்த அவனைக் கண்டெடுத்தாள். தன்னை விட்டுவிட்டு, அருகே கிடக்கும் தலைவரைக் காக்குமாறு அம்மகன் வேண்டினானாம். அவளும் உடன்வந்த பெண்டிரும் ஊமைத்துரையைச் சுமந்து சென்றனர். எட்டயபுரத்துப் படையினர் தேடி வந்தபோது, பெரியம்மையால் இறந்தவன் இவன் என்று துணியால் மூடிக் காட்டினர். வந்தவர் அஞ்சி விலகினர். ஒரு தாய் தன் மகனை இழந்து காத்த உயிர் அது.

பின்னர்ச் சிவகங்கைச் சீமையில் மருது சகோதரர்கள் அவருக்கு அடைக்கலம் அளித்தனர். ஒப்படைக்குமாறு ஆங்கிலேயர் வற்புறுத்தியும் அவர்கள் இசையவில்லை. அதன் விளைவாகவும் போர் மூண்டது. அக்டோபரில் காளையார்கோயில் வீழ்ந்தது. அத்திங்கள் 24-ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். ஊமைத்துரையும் பிடிபட்டார். 1801 நவம்பர் 16-ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சியிலேயே அவருக்குத் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. பெற்ற ஊருக்கு அவர் இறுதியாகத் திரும்பியது சாவதற்காகவே.

தமையன், பெயர் தெரியாத அவ்வீரன், மருது சகோதரர்கள் எனத் தம் பொருட்டும் தமக்கு முன்னும் மாண்டோரின் வரிசை நீள, ஊமைத்துரை எஞ்சி நின்றார். பிழைத்திருத்தலையே குற்றமாக உணரும் இம்மனநிலையை இருபதாம் நூற்றாண்டின் மனநல மருத்துவம் ஆராய்ந்தது. உலகப் போரின் வதைமுகாம்களிலிருந்து மீண்டோரிடமும் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரரிடமும் அதனைக் கண்டது. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட நோய்வகை நூலிலும் அது இடம்பெற்றது. ஊமைத்துரை அத்துயருக்கு ஆட்பட்டார் என்று நாம் அறுதியிட்டுக் கூற இயலாது. எனினும் அவர் தம் உயிரைத் தமக்குரியதாகக் கருதவில்லை என்பதை அவர்தம் வாழ்வு காட்டுகிறது.

ஆனால் எஞ்சியவர் தம் கடனைச் சாவினால்தான் தீர்க்க வேண்டுமா? அந்தத் தாய் அவரைச் சுமந்தது அவர் வாழ வேண்டும் என்பதற்காகவே. மாண்டவர் விரும்பியதும் அதுவேயாகும். போர்முனையிலிருந்து தனியே திரும்பும் வீரருக்கும், உடன்சென்றோரைக் கடலுக்குப் பறிகொடுத்துக் கரையேறும் மீனவருக்கும் இது பொருந்தும். அத்தகையோரிடம் நீ மட்டும் எவ்வாறு தப்பினாய் என்று வினவுதல் ஆறாப் புண்ணைக் கிளறுவதாகும். அவர்கள் வாய் திறக்குங்கால் செவிமடுத்தலும், திறவாதபோது உடனிருத்தலும் நம் கடமையாகும். போருக்குப் பிந்திய அம்மௌனத்தையும் சேர்த்துக் கற்பதே வரலாற்றைக் கற்பதாகும்.