ஹென்றி பீல்டிங் சரித்திரச் சுருக்கம்

ஆங்கில பாஷையிலே கதைநூல் செய்தோருள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் ஹென்றி பீல்டிங் என்பவர். அவரைக் கதாசிரியராக அறிந்தோர் பலர். நியாயாதிபதியாக அறிந்தோர் சிலரே. மதுச்சாலைகளும் இராக்காலக் களியாட்டுச் சாலைகளும் யாருடைய அநுமதியின்மேல் நடைபெறல் வேண்டும் என்னும் வினாவின் இருபுறத்தும் நின்றவர் அவர். அநுமதிச் சட்டமொன்றினால் தம் தொழிலை இழந்தவரும் அவரே. பின்னர் அத்தகைய சட்டம் வேண்டுமென வாதித்தவரும் அவரே. ஆதலின், அவர் சரித்திரத்தை ஆசிரியர்கள் பொருட்டு ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுகின்றோம்.

பீல்டிங் 1707 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 22 ஆந் திகதி இங்கிலாந்திலே சொமர்செற் பகுதியிற் பிறந்தனர். ஈற்றன் வித்தியாசாலையிற் கற்று, ஒல்லாந்து தேசத்து லெய்டன் சர்வகலாசாலையிலுஞ் சிறிது காலம் பயின்றனர். பின் இலண்டன் மாநகரஞ் சேர்ந்து, நாடகம் எழுதுதலையே சீவனோபாயமாகக் கொண்டனர். அவர் நாடகங்கள் முதன்மந்திரியாகிய வோல்போலையும், அவர் ஆட்சியில் மலிந்த கைக்கூலியையும் வெளிப்படையாக எள்ளின. 1737 ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் நாடக அநுமதிச் சட்டத்தை நிறைவேற்றிற்று. அரச மாளிகை அதிகாரியின் அநுமதி பெறாத நாடகத்தைப் பொருள் பெற்று நடித்தல் அதனால் விலக்கப்பட்டது. பீல்டிங்கின் நாடகத் தொழில் அன்றோடு ஒழிந்தது. அவ்வதிகாரம் 1968 ஆம் ஆண்டு வரை நிலைத்திருந்தது என்பதும் நோக்கத்தக்கது.

அப்பொழுது அவருக்கு வயது முப்பது. மனைவியையும் மக்களையும் காப்பாற்றும் பொறுப்புடையராகிய அவர், அவ்வாண்டிலேயே சட்டம் பயிலப் புகுந்து, 1740 ஆம் ஆண்டில் நியாயவாதியாயினர். 1742 இல் 'ஜோசப் அன்றூஸ்' என்னுங் கதையை வெளியிட்டனர். 1744 இல் மனைவியை இழந்தனர். 1748 இல் வெஸ்ற்மினிஸ்ரருக்கு நியாயாதிபதியாக நியமனம் பெற்றுப் போ வீதியில் அமர்ந்தனர். அவருக்கு அழியாப் புகழ் தந்த 'ரொம் ஜோன்ஸ்' 1749 இல் வெளிவந்தது.

அக்காலத்து நகர நியாயாதிபதிகளுட் பலர் வழக்குக் கட்டணத்தால் வயிறு வளர்த்தவர்கள். வழக்குப் பெருகினால் வருவாய் பெருகும். ஆகவே ஒழுங்கீனமான சாலைகள் மூடப்படுதலில் அவர்கட்கு இலாபமில்லை. 1552 ஆம் ஆண்டுச் சட்டப்படி மதுச்சாலைக்கு அநுமதி வழங்குவோரும் நியாயாதிபதிகளே யென்றால், அதன் விளைவைச் சொல்லவும் வேண்டுமோ! பீல்டிங் ஏழைகளின் சண்டைகளைச் சமாதானப்படுத்தி அனுப்பினர். அதனால் ஆண்டுக்கு 500 பவுண் தந்த உத்தியோகம் 300 பவுணுக்குச் சுருங்கியதென அவரே பின்னர் எழுதியுள்ளார்.

1749 ஆம் ஆண்டு ஜூன் 29 ஆந் திகதி, அமர்வின் தலைவராக வீற்றிருந்து, ஒழுங்கற்ற ஆடல் பாடற் சாலைகளையுஞ் சூதாட்டச் சாலைகளையும் அடக்குமாறு பெருஞ்சூரிமாரை வேண்டினர். சில நாட்களுள் நிகழ்ந்ததோ வேறு. தீயொழுக்க விடுதியொன்றிலே தம் பொருள் களவுபோயிற்றென்று சினந்த மாலுமிகள் கூட்டமாய்த் திரண்டு, ஸ்ற்ராண்ட் வீதியில் அத்தகைய விடுதிகளை உடைத்துத் தளபாடங்களைத் தெருவிலிட்டுக் கொளுத்தினர். பிடிபட்டோருள் பொய்ம்மயிர் செய்யுந் தொழிலாளனாகிய பென்லெஸ் என்னும் இளைஞன் அக்டோபர் மாதம் தூக்கிலிடப்பட்டான். விடுதிகளை நடத்தினோர் பிழைக்க, அவற்றை உடைத்தவன் மாண்டானே என்று நகரம் பொருமியது. பீல்டிங் தண்டனையை ஆதரித்து நூலெழுதியமையால், தீய விடுதிகளின் காவலர் என வசை கேட்டனர். தன் கையாற் சட்டஞ் செலுத்துங் கூட்டம் இன்று தீய விடுதியை உடைக்கும்; நாளை எவர் வீட்டையும் உடைக்கும். அவ்வளவில் அவர் கூறியது நியாயமே. ஆயினும், முறைப்பட வழியில்லாத அயலவர் என் செய்வர் என்னும் வினாவுக்கு அந்நூல் விடையாகாது.

1751 ஆம் ஆண்டு ஜனவரியிலே, களவு பெருகுதற்குக் காரணம் ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டு, ஜின் என்னுஞ் சாராயத்தின் கேட்டை அதில் விரித்துரைத்தனர். 1736 ஆம் ஆண்டுச் சட்டம் ஜின் விற்பதற்கு 50 பவுண் கட்டணம் விதித்திருந்தது. அத்துணைப் பெருந்தொகை கொடுப்பார் அரியர், வியாபாரம் மறைவிற் பெருகிற்று, காட்டிக்கொடுத்தோர் தாக்கப்பட்டனர், 1743 இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1751 ஆம் ஆண்டுச் சட்டமோ, வரியை உயர்த்தியதோடு, ஆண்டுக்கு 10 பவுண் வாடகை பெறுமதியுள்ள இடமுடையார்க்கே அநுமதி என வரையறுத்து, வடிப்போர் சில்லறையாக விற்றலையுந் தடுத்தது. குடி குறைந்தது. பின்னர் தானியவிலை ஏறியதும் அதற்குத் துணையாயிற்று.

தொடர்ந்து வந்த சட்டம், 1752 டிசம்பர் 1 முதல், இலண்டனிலும் அதனைச் சூழ்ந்த 20 மைலினுள்ளும் ஆடல் பாடற் சாலைகள் நியாயாதிபதிகளிடம் அநுமதி பெறல் வேண்டுமென விதித்தது. பெறாதார்க்குக் குற்றப்பணம் 100 பவுண். அயலவரிருவர் முறையிட்டால், ஊர்ச் செலவிலேயே வழக்குத் தொடுத்தல் வேண்டும் என்பது அதன் சிறந்த பகுதி. 1749 இல் கல்லெடுத்த கைகட்கு இல்லாதிருந்த வழி இதுவே.

பீல்டிங்கிடத்துக் குறையும் உண்டு. செல்வரின் களியாட்டைப் பெரும்பாலும் விட்டு, ஏழையின் களியாட்டையே அடக்கக் கருதினர். ஒருவனுக்குக் கேடாவது மற்றவனுக்கு விளையாட்டாதல் எங்ஙனம்? சட்டம் நிறைகோலாயின், இரு தட்டும் ஒத்திருத்தல் வேண்டும்.

நோயால் உடல் தளர்ந்த பீல்டிங், 1754 ஆம் ஆண்டு அக்டோபர் 8 ஆந் திகதி லிஸ்பன் நகரத்திலே தமது 47 ஆம் வயதில் இறந்தனர். அவர் உத்தியோகத்தை விழியிழந்த தம்பியாராகிய ஜோன் பீல்டிங் தொடர்ந்தனர். ஆடல் பாடற் சாலைகளின் அநுமதி 1888 ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாகாண சபைகளுக்கு மாறிற்று. மதுவின் அநுமதியும் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உள்ளூர்ச் சபைகளிடம் வந்து, 2005 நவம்பர் முதல் அங்கே நடைமுறையாயிற்று. அயலவர் ஆட்சேபனை கூறும் உரிமை அதிலும் உண்டு.

ஆசிரியர்காள்! பீல்டிங்கின் கதைகளைப் போதிக்கும்போது இச்சரித்திரத்தையுஞ் சேர்த்துக் கூறுமின். அநுமதிப் பத்திரம் ஒரு கருவியே. மந்திரியின் கையில் அது புலவன் வாயை அடைத்தது. அயலவரின் முறையீட்டுக்குச் செவிசாய்த்தபோது தெருவைக் காத்தது. அது யார் கையில், எதன் பொருட்டு இருக்கின்றது என்று வினாவுதற்கு மாணாக்கர் பழகுவராயின், இச்சரித்திரத்தைப் படித்த பயனைப் பெற்றோராவர்.