கையெழுத்து இல்லாத கடிதம்

திருவண்ணாமலையில் கிரிவலம் போகும் நம் குடியிருப்புவாசிகள் பலர், செங்கம் சாலையில் ரமணாசிரமத்துக்குள் போய்ச் சற்று நேரம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு வந்திருப்பீர்கள். அங்கே வாழ்ந்த ரமண மகரிஷி, பதினாறு வயதில் வீட்டில் ஒரு சின்னக் கடிதத்தை வைத்துவிட்டு வந்தவர்.

1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேங்கடராமன். தந்தை சுந்தரமையர் வக்கீல் தொழில் பார்த்தவர்; தாயார் அழகம்மாள். 1892-இல் தந்தை காலமான பின், மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தார்.

1896 ஜூலையில் ஒரு நாள், உடம்பில் எந்த நோயும் இல்லாமலே, சாகப்போகிறோம் என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. யாரையும் கூப்பிடவில்லை. பிணம் போல நீட்டிப் படுத்து, சாவது எது என்று உள்ளுக்குள் பார்த்தார். உடம்பு கட்டையாகக் கிடந்தாலும் ‘நான்’ என்ற உணர்வு மங்கவில்லை. அது உடம்புக்கோ பெயருக்கோ கட்டுப்பட்டதல்ல என்பது தெளிந்தது. சாவு பயம் அன்றோடு போயிற்று.

ஆகஸ்ட் 29 அன்று, அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கான ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டுக் கிளம்பினார். கடிதம் ‘நான்’ என்று தொடங்குகிறது. அடுத்த வாக்கியத்திலேயே தன்னை ‘இது’ என்று குறிப்பிடுகிறார். கையெழுத்து வரவேண்டிய இடத்தில் வெறும் கோடு.

வங்கியில் வேலை பார்த்தவன் கண்ணில் இது படாமல் போகாது. மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகாவிட்டால் காசோலை திரும்பிவிடும். கணக்கு, கடன், வீட்டுப் பத்திரம் எல்லாமே ‘இன்னார்’ என்ற ஒருவரை நம்பித்தான் நிற்கின்றன. அந்தக் கடிதத்தில் பணக் கணக்கு சரியாக இருக்கிறது. இன்னார் மட்டும் இல்லை.

செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். கோயில் ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கக் குகையில், பூச்சிகள் உடம்பை அரிப்பதுகூடத் தெரியாமல் அமர்ந்திருந்தார். 1898-இல் தாயார் தேடி வந்து அழுது கூப்பிட்டும் திரும்பிப் போகவில்லை. எல்லாம் ஒன்று என்பவருக்குப் பெற்றவள் கண்ணீர் மட்டும் அந்நியமா என்று நமக்குக் கேட்கத் தோன்றும்.

அதற்குப் பதில் அவருடைய பிற்கால வாழ்க்கையில் இருக்கிறது. 1916-இல் தாயார் மகனிடமே வந்து தங்கிவிட்டார். 1922 மே 19, அவருடைய கடைசி நாள். பகல் முழுவதும் ஒரு கையை அவர் மார்பிலும் மறு கையைத் தலையிலும் வைத்தபடி மகன் பக்கத்திலேயே இருந்தார். தாயாரின் சமாதியைச் சுற்றித்தான் இன்றைய ஆசிரமம் வளர்ந்தது. பந்தியில் தனக்கென்று ஒரு பலகாரம் கூடுதலாக வந்தால் அவர் ஏற்கமாட்டார். எல்லோருக்கும் கிடைத்தால்தான் தனக்கும். விடியற்காலையில் சமையலறையில் உட்கார்ந்து காய்கறி நறுக்குவார். பசு, நாய், குரங்கு, அணில் எல்லாமே அவருக்கு வீட்டு மனிதர்கள்தான். மகன் என்ற உறவை அவர் அறுக்கவில்லை. எல்லோருக்கும் அதை விரித்துவிட்டார்.

1902-இல் வருவாய்த் துறையில் இருந்த சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்குத் தந்த விடைகளே பின்னாளில் ‘நான் யார்?’ என்ற நூலாயின. எண்ணம் எழுந்தால் அது யாருக்கு எழுந்தது என்று பார்த்து, அந்த ‘நான்’ கிளம்பும் இடத்துக்கே திரும்பச் சொன்னார். நம் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு மீட்டர் உண்டு, பில்லும் தனித்தனிதான். ஆனாலும் ஓடுவது ஒரே மின்சாரம்.

1938-இல் ஆசிரமத்துக்காக உயில் எழுதவேண்டி வந்தபோதும் அவர் பெயரெழுதிக் கையெழுத்திடவில்லை, கோடுதான் போட்டார். கையில் வந்த புற்றுநோய்க்கு நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது. அப்போதும் வந்தவர்களுக்குத் தரிசனம் தருவதை நிறுத்தவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார்.

குகைக்குப் போகவேண்டும் என்று அவர் யாரையும் சொன்னதில்லை. வீட்டில் இருந்தபடியே விசாரிக்கலாம் என்றார். அடுத்த முறை பார்க்கிங் இடத்துக்காகக் கோபம் வரும்போது, இது யாருக்கு வந்தது என்று ஒரு நிமிடம் உள்ளே பார்க்கலாம். செலவு ஒன்றும் இல்லை.