28 பவுண்டில் வாழ்ந்த மனிதர்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்திலிருந்து கேட்டதும், எதை எழுதுவது என்று கொஞ்சம் யோசித்தேன். ஹாஸ்டல் கதைகளை என்னைவிட நன்றாகச் சொல்ல நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பார்க்கும் இன்ஜினீயர் வேலையைப் பற்றி எழுதினால் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். அதனால் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் பெயர் ஜான் வெஸ்லி. சென்னை ராயப்பேட்டையில் வெஸ்லி பள்ளி இருக்கிறதல்லவா, அந்தப் பெயருக்கு உரியவர். மெதடிஸ்ட் சபையைத் தோற்றுவித்தவர் என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். சமய வரலாற்றை எழுத எனக்குத் தகுதி போதாது. என்னைக் கவர்ந்தது அவருடைய வரவு செலவுக் கணக்கு.

வெஸ்லி 1703-ல் இங்கிலாந்தில் எப்வர்த் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா அந்த ஊர் ஆலயத்தின் குருவானவர். மொத்தம் 19 பிள்ளைகள், அதில் பலர் கைக்குழந்தையாகவே இறந்துபோனார்கள். வீட்டில் எப்போதும் பணமுடை. 1705-ல், 30 பவுண்டுகூட இல்லாத ஒரு கடனுக்காக அப்பாவைப் பிடித்து லிங்கன் கோட்டைச் சிறையில் போட்டார்கள். 1709-ல் வீடு தீப்பிடித்து எரிந்தது. மாடியில் சிக்கிக்கொண்ட ஐந்து வயது ஜானை, ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று ஜன்னல் வழியாகத் தூக்கிக் காப்பாற்றினார்கள். கடன் என்றால் என்ன, அடுத்தவர் கை கொடுப்பது என்றால் என்ன என்று அந்தப் பையனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, 1726-ல் அங்கேயே லிங்கன் கல்லூரியில் ஃபெலோ ஆனார். அந்த நாட்களில் நடந்த ஒரு சம்பவத்தைப் பிற்காலத்தில் அவரே பதிவு செய்திருக்கிறார். நல்ல குளிர்காலம். ஒரு ஏழைப் பெண் மெல்லிய துணியோடு நடுங்கிக்கொண்டு அவர் அறைக்கு வந்தாள். ஏதாவது கொடுக்கலாம் என்று பையில் கை விட்டால், அதில் ஒன்றும் தேறவில்லை. அறைச் சுவரை அலங்கரிக்கப் படங்கள் வாங்கியதில் காசு போயிருந்தது. இந்தப் பெண்ணின் போர்வையல்லவா என் சுவரில் தொங்குகிறது என்று அவர் மனது குத்தியது.

பிறகு செலவுக்கு ஒரு கோடு போட்டார். ஒரு வருஷம் வருமானம் 30 பவுண்டு. 28-ல் வாழ்ந்துவிட்டு 2 பவுண்டைத் தர்மம் செய்தார். அடுத்த வருஷம் வருமானம் 60 ஆனது. நாமாக இருந்தால் என்ன செய்வோம்? வீட்டை மாற்றுவோம், இன்றைக்கென்றால் காரை மாற்றுவோம். அவர் அதே 28-ல் வாழ்ந்துவிட்டு 32-ஐக் கொடுத்தார். மூன்றாம் வருஷம் 90 வந்தது, 62 கொடுத்தார். நான்காம் வருஷம் 120 வந்தது, 92 கொடுத்தார். வருமானம் நாலு மடங்கு ஏறியும் செலவு அசையவில்லை. ஏழைகளுக்குப் போன தொகை மட்டும் 46 மடங்காகிவிட்டது.

இதற்குப் பின்னால் இருந்தது அவருடைய கிறிஸ்தவ நம்பிக்கை. பணம் கடவுளுடையது, நான் அதற்குச் சொந்தக்காரன் இல்லை, வெறும் கணக்குப்பிள்ளை என்று அவர் நினைத்தார். கணக்குப்பிள்ளை என்றால் ஒருநாள் கணக்கு ஒப்படைக்க வேண்டுமே! வாலிப வயதில் எழுத ஆரம்பித்த செலவுக் கணக்கை 1790 வரை எழுதினார். எதையும் இப்படி முறை வைத்துச் செய்ததால் ஆக்ஸ்ஃபோர்டில் அவரையும் நண்பர்களையும் மெதடிஸ்ட், அதாவது முறைக்காரர்கள், என்று கேலி செய்தார்கள். அந்தப் பட்டப்பெயரே கடைசியில் சபையின் பெயராக நிலைத்தது.

எல்லாமே அவருக்குக் கைகூடியது என்று நினைத்துவிடாதீர்கள். 1735-ல் அமெரிக்காவில் ஜார்ஜியாவுக்கு ஊழியம் செய்யப் போய், மனம் உடைந்து திரும்பி வந்தார். 1751-ல் செய்துகொண்ட திருமணம் இருவருக்கும் சுகப்படவில்லை. பிரிந்து வாழ்ந்த மனைவி 1781-ல் இறந்த செய்தி, அடக்கம் முடிந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ஊரைச் சுற்றிய மனிதருக்கு வீடு அமையவில்லை.

1739-ல் பிரிஸ்டல் நகரத்துப் பக்கம் கிங்ஸ்வுட் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் நடுவே, வெட்டவெளியில் நின்று பிரசங்கம் செய்ய ஆரம்பித்தார். கூட்டம் கூட்டமாக வந்தார்கள், ஆனால் வந்தவர்கள் எல்லாம் அன்றாடங்காய்ச்சிகள். பிரிஸ்டலில் கட்டிய கூடத்தின் கடன் தலைக்குமேல் நின்றது. 1742-ல் அதை அடைக்க வழி தேடிக் கூடிப் பேசியபோது ஒரு கப்பல் கேப்டன், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போடலாம் என்றார். (அன்றைக்கு ஒரு பவுண்டு என்பது 20 ஷில்லிங், அதாவது 240 பென்னி.) பலருக்கு அதுவும் முடியாதே என்றார் இன்னொருவர். பரம ஏழைகளாகப் பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், அவர்களால் முடியாததை நானே போட்டுவிடுகிறேன் என்றார் கேப்டன். மற்றவர்களும் அப்படியே ஆளுக்குப் பதினொரு பேரை ஏற்றுக்கொண்டார்கள்.

இதில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. பென்னி வாங்க வாராவாரம் வீடு வீடாகப் போனவர்கள் கண்ணில் எல்லாம் பட்டது. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் படுத்த படுக்கை, யார் குடியில் விழுந்துவிட்டார் என்று தெரிய வந்தது. கடன் அடைக்கப் போட்ட திட்டம், ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்ளும் ஏற்பாடாக மாறியது. இன்ஜினீயர் மொழியில் சொன்னால், வசூல் லைனிலேயே தகவலும் வந்துவிட்டது!

லண்டனில் அவர் தலைமையிடம் ஒரு பழைய ஃபவுண்டரி. பீரங்கி வார்த்த இடம். 1716-ல் வெடிவிபத்து நடந்து பாழாகக் கிடந்ததை வாங்கிப் பழுது பார்த்துக்கொண்டார்கள். அங்கே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடந்தது. ஆதரவற்ற விதவைகளுக்குப் பக்கத்தில் இரண்டு சிறு வீடுகள் எடுத்தார்கள். வெஸ்லி லண்டனில் இருந்தால் அவர்களோடு ஒரே மேஜையில், அவர்கள் சாப்பிடுவதையே சாப்பிட்டார்.

1746-ல் ஏழைகளுக்கு மருந்து கொடுக்க ஆரம்பித்தார். கைக்கு ஒரு மருந்தாளுநரையும் ஒரு சர்ஜனையும் வைத்துக்கொண்டார். டாக்டர் வீட்டுப் படியேற வசதி இல்லாதவர்களுக்காக 1747-ல் ஒரு கைவைத்திய நூலும் வெளியிட்டார். அதில் பல வைத்தியம் இன்றைக்குச் செல்லாது. மின்சாரம் பாய்ச்சும் கருவி ஒன்றை வாங்கி 1756-ல் இருந்து வியாதிக்காரர்களுக்கு வைத்துப் பார்த்தார் என்பது நம் எலக்ட்ரிகல் நண்பர்களுக்குச் சுவையாக இருக்கும்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அவர் ஏற்படுத்திய கடன் நிதி. சின்னத் தொழில் செய்கிறவனுக்கு அவசரத்துக்குச் சிறு தொகை வேண்டும். வட்டிக்கடைக்குப் போனால் எழுந்திருக்க முடியாது. வெஸ்லி லண்டனில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து கையேந்தி 50 பவுண்டு சேர்த்தார். செவ்வாய்க்கிழமைதோறும் காலையில் பொறுப்பாளர்கள் உட்கார்ந்து கடன் கொடுப்பார்கள். அதிகபட்சம் 20 ஷில்லிங். மூன்று மாதத்தில் திருப்பித் தர வேண்டும், வட்டி கிடையாது. ஒரே வருஷத்தில் 250 பேருக்கு உதவி கிடைத்தது. நம்ப முடியாவிட்டால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 50 பேர், வருஷத்துக்கு நாலு சுற்று, ஆக 200. சிலர் ஒரு பவுண்டுக்கும் குறைவாக வாங்கினால் 250 வந்துவிடும். பணம் அதே 50 பவுண்டுதான்!

பின்னாளில் உச்சவரம்பு ஏறியது. 1775-ல் ஜேம்ஸ் லாக்கிங்டன் என்ற செருப்புத் தைக்கும் இளைஞர் இந்த நிதியில் 5 பவுண்டு வாங்கிப் பழைய புத்தகக் கடையைப் பெருக்கினார். அது லண்டனின் மிகப் பெரிய புத்தகக் கடைகளில் ஒன்றாக வளர்ந்தது. அந்த மனிதர் 1791-ல் எழுதிய வரலாற்றில் மெதடிஸ்ட்களையே கிண்டல் செய்தார். பிறகு வருந்தினார் என்பது வேறு கதை. கொடுத்தவர்கள் நன்றியை எதிர்பார்த்துக் கொடுக்கவில்லை.

1776-ல் வெஸ்லியிடம் கணக்கில் காட்டாத வெள்ளிப் பாத்திரங்கள் இருக்குமென்று சந்தேகப்பட்டு வரி அதிகாரிகள் கடிதம் போட்டார்கள். லண்டனில் இரண்டு, பிரிஸ்டலில் இரண்டு வெள்ளி ஸ்பூன் இருப்பதாகவும், சுற்றிலும் இத்தனை பேர் ரொட்டிக்கு வழியில்லாமல் இருக்கும்போது மேற்கொண்டு வாங்கப்போவதில்லை என்றும் பதில் எழுதினார். புத்தக விற்பனையில் நல்ல பணம் வந்த காலம் அது!

1785 ஜனவரியில் அவருக்கு வயது 81. ஏழைகளுக்கு உடுப்பு வாங்க வேண்டியிருந்தது. உருகும் பனியில் கணுக்கால் நனைய ஐந்து நாள் லண்டன் தெருக்களில் நடந்து 200 பவுண்டு திரட்டினார். முடித்துவிட்டு நோயில் படுத்தார். 1791 மார்ச் 2-ஆம் தேதி காலமானபோது வயது 87. தன் உடலை ஆறு ஏழைகள் சுமக்க வேண்டும், ஆளுக்கு 20 ஷில்லிங் தர வேண்டும் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். கடைசிச் செலவும் ஏழைகளுக்கே போனது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நல்லா சம்பாதிச்சு செட்டில் ஆன பிறகு உதவி செய்யலாம் என்று எல்லோரும் சொல்கிறோம். செட்டில் ஆகிற தேதி மட்டும் தள்ளிக்கொண்டே போகும். முதல் சம்பளத்திலேயே உங்களுக்கென்று ஒரு 28-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். அது எவ்வளவு என்பது அவரவர் குடும்ப நிலைமை. குறிப்பது முக்கியம்.

பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் பேட்ச்சில் மெஸ் பில் பாக்கியால் பரீட்சை சமயத்தில் தவித்தவர்கள் உண்டு. இன்றைக்கும் அந்தத் தவிப்பு முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஸ்காலர்ஷிப் கொடுக்கப் பெரிய தொகை சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்தச் சந்திப்பில் நாம் ஐம்பது பேர் சிறு தொகை போட்டு, வட்டியில்லாத சுழல்நிதி ஒன்றை ஆரம்பிக்கலாம். வேலை கிடைத்ததும் திருப்பிக் கட்டினால் அடுத்த பையனுக்கு, அடுத்த பெண்ணுக்கு அது போகும். மனு வாங்க வாரத்தில் ஒருநாள் உட்கார ஆள் வேண்டும். கணக்கு எழுத நான் தயார். மற்றதைப் பொதுக்குழுவில் பேசுவோம். எல்லோரும் அவசியம் வாருங்கள்.